நாடு கிடைத்தது, வியாபாரம் போனது!

திரியெஸ்தே: எல்லையை நம்பிப் பிழைக்கும் ஒரு துறைமுகத்தின் கதை

மூனிக் டாக்சிக்குப் போடும் டீசல், வியன்னாவில் விமானத்துக்கு நிரப்பும் எரிபொருள், பிராகாவில் ஓடும் பேருந்துக்கு வேண்டிய எண்ணெய். மூன்றும் கச்சா எண்ணெயாகக் கரையேறுவது ஒரே இடத்தில்தான். அது இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிக் கிடக்கும் திரியெஸ்தே துறைமுகம். டேங்கர் கப்பல்கள் அங்கே இறக்கும் எண்ணெய், ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போகும் குழாயில் ஏறிவிடுகிறது. 1967 முதல் ஓடும் இந்தக் குழாயின் மொத்த நீளம் 753 கிலோமீட்டர். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெய் முழுவதும், ஆஸ்திரியாவுக்கு வேண்டியதில் ஏறக்குறைய 90 சதவீதமும் இதன் வழியாகத்தான் போகின்றன. ரஷ்யக் குழாயை விட்டு விலகிய செக் குடியரசும் 2025 முதல் இதைத்தான் நம்பியிருக்கிறது. 1972 ஆகஸ்டில் பாலஸ்தீனத்தின் ‘கறுப்பு செப்டம்பர்’ இயக்கத்தினர் இங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளுக்கு வெடி வைத்தார்கள். இந்த ஊரில் தீ வைத்தால் மத்திய ஐரோப்பாவுக்குச் சுடும் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய் இறங்குவது இத்தாலிக் கரையில். ஆனால் இந்தக் குழாய் இத்தாலிக்குள் எந்தச் சுத்திகரிப்பு ஆலைக்கும் போவதில்லை. வாடிக்கையாளர் அத்தனை பேரும் எல்லைக்கு அந்தப் பக்கம். திரியெஸ்தேயின் முந்நூறு வருஷக் கதையைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். எல்லை திறந்திருந்த காலமெல்லாம் ஊர் கொழித்தது. எல்லைக்காக யாரேனும் சண்டை போட்டபோதெல்லாம் இளைத்தது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வெனிசிலிருந்து கிழக்கே சாலை வழி சுமார் 160 கிலோமீட்டர் போக வேண்டும். போகப் போக இத்தாலிய நிலம் மெலிந்துகொண்டே வந்து, கடலுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகல நாடாவாகி, ஏட்ரியாட்டிக் கடலின் தலைமாட்டில் இந்த நகரத்தோடு முடிந்துவிடுகிறது. மக்கள்தொகை இரண்டு லட்சம். ரோமுக்குப் போகும் தூரத்தைவிட வியன்னாவுக்குப் போகும் தூரம் குறைவு. லுப்லியானாவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் கார் போய்விடும்.

நகரத்தின் முதுகுக்குப் பின்னால் சுவர்போல எழும்புவது கார்ஸ்ட் மேடு. சுண்ணாம்புக்கல் பூமி, மழை பெய்தால் நீர் தங்காது, குகைகளுக்குள் இறங்கிவிடும். ஸ்லோவேனியாவில் ஸ்கோச்சியான் குகைக்குள் புகுந்து மறையும் ஒரு ஆறு, சுமார் 40 கிலோமீட்டர் நிலத்துக்கடியிலேயே ஓடி, திரியெஸ்தேக்கு அருகே திமாவோ என்ற பெயரில் வெளியே வந்து கடலில் கலக்கிறது. அரசாங்கங்கள் மேலே கோடு போட்டு வாயிற்காவல் வைத்த காலத்திலும் இந்த ஆறு பாஸ்போர்ட் இல்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்றுக்குப் ‘போரா’ என்று பெயர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள் நம்மூரில். குளிர்காலப் போராவில் வரிசையாக நிறுத்திய ஸ்கூட்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாயும், குப்பைத் தொட்டிகள் சாலையில் உருண்டோடும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போவதுண்டு. நடைபாதையோரம் ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டிவைக்கும் வழக்கம் இந்த ஊரில் இருந்தது.

காற்று தொல்லை கொடுத்தாலும் கடல் வாரிக் கொடுத்திருக்கிறது. கரையருகிலேயே 18 மீட்டர் வரை இயற்கை ஆழம். போ நதியும் பிற ஆறுகளும் கொண்டுவந்து கொட்டும் வண்டலோடு வெனிஸ் காலங்காலமாக மல்லுக்கட்டுகிறது. திரியெஸ்தேக்கு அந்தக் கவலை இல்லை. பெரிய கப்பல்கள் நேராக வந்து கட்டலாம்.

பேரரசின் கடைவாசல்

ரோமானியர் காலத்தில் இதன் பெயர் தெர்கெஸ்தே. பிற்காலத்தில் ஏட்ரியாட்டிக் முழுவதையும் தன் வீட்டுக் குளமாக நினைத்த வெனிசின் தொல்லை தாங்காமல், 1382இல் ஆஸ்திரியப் பிரபு மூன்றாம் லெயோபோல்டிடம் அடைக்கலம் புகுந்தது. அதன் பிறகு 300 வருஷத்துக்கும் மேலாகப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உப்பளமும் மீன்பிடிப்பும் திராட்சைத் தோட்டமுமாகச் சில ஆயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர்.

தலையெழுத்து மாறியது 1719இல். ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் திரியெஸ்தேயைச் சுங்கவரியற்ற சுதந்திரத் துறைமுகமாக அறிவித்தார். அவருடைய மகள் மரியா தெரேசா உப்பளங்களைத் தூர்த்து, நேர்நேரான தெருக்களோடு ஒரு புதுப்பேட்டையே கட்டினார். சரக்குப் படகுகள் கடைவாசலுக்கே வரும்படி ஊருக்குள் ஒரு கால்வாயும் வெட்டப்பட்டது. மகன் இரண்டாம் ஜோசப் 1781இல் மதச் சகிப்பு ஆணை பிறப்பித்தார். கிரேக்கர், செர்பியர், யூதர், ஆர்மீனியர் என்று வியாபாரம் தெரிந்த சாதிசனமெல்லாம் வந்து குடியேறியது. நீலக் குவிமாடத்தோடு நிற்கும் செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும், ஐரோப்பாவின் பெரிய யூத ஜெபக்கூடங்களில் ஒன்றும் இன்றைக்கும் அந்தக் காலத்துச் செல்வத்துக்குச் சாட்சி. பல மொழிக்காரர்களும் கடைத்தெருவில் பேசிக்கொண்டது இத்தாலியப் பேச்சு வழக்கில். சுற்றுக் கிராமங்களில் ஸ்லோவேனிய மொழி. அரசாங்கக் காகிதங்களில் ஜெர்மன்.

பணம் சேர்ந்த இடத்தில் காப்பீடும் கப்பல் கம்பெனியும் முளைப்பது இயல்பு. 1831இல் ஜெனராலி காப்பீட்டு நிறுவனம் இங்கே பிறந்தது. இன்றும் ஐரோப்பாவின் மிகப் பெரிய காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று, தலைமையகம் இன்னமும் திரியெஸ்தேதான். 1833இல் தொடங்கிய ஆஸ்திரியன் லாய்டு, மூன்றே ஆண்டுகளில் நீராவிக் கப்பல் விடத் தொடங்கியது. 1857இல் வியன்னாவிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. சூயஸ் கால்வாய்க் கம்பெனியின் துணைத் தலைவராக இருந்தவர் பஸ்குவாலே ரெவொல்தெல்லா என்ற திரியெஸ்தே வணிகர். கால்வாய் திறக்கப்பட 1869 நவம்பர் வரை பொறுக்க முடியாமல், செப்டம்பரிலேயே கண்ணை மூடிவிட்டார்.

தமிழ்நாட்டுக்கும் இந்தத் துறைக்கும் அப்போதே ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. 1857 ஏப்ரல் 30 அன்று திரியெஸ்தேயிலிருந்து புறப்பட்ட ‘நோவாரா’ என்ற ஆஸ்திரியக் கடற்படைக் கப்பல் விஞ்ஞானிகளோடு உலகைச் சுற்றி வந்தது. இலங்கையின் காலி துறையைப் பார்த்துவிட்டு, 1858 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து நங்கூரமிட்டு, அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குப் போனது. பிற்பாடு லாய்டு நிறுவனம் ‘லாய்டு திரியெஸ்தினோ’ ஆன காலத்தில், 1931இல் வட்டமேசை மாநாடு முடிந்து காந்தி பம்பாய் திரும்பியதும் இந்தக் கம்பெனியின் ‘பில்ஸ்னா’ கப்பலில்தான். அந்தக் கம்பெனி இப்போது தைவானின் எவர்கிரீன் குழுமத்துக்குச் சொந்தம். பெயரும் மாறிவிட்டது.

1910 வாக்கில் மக்கள்தொகை இரண்டேகால் லட்சத்தைத் தாண்டியது. பேரரசில் வியன்னா, புடாபெஸ்ட், பிராகாவுக்கு அடுத்த பெரிய நகரம் இதுதான். ஜேம்ஸ் ஜாய்ஸ் இங்கே ஆங்கில வாத்தியாராகக் காலம் தள்ளினார். அவரிடம் ட்யூஷன் படித்த பெயிண்ட் கம்பெனிக்காரர் எத்தோரே ஷ்மித்ஸ், இதாலோ ஸ்வேவோ என்ற பெயரில் இத்தாலிய நாவல் உலகின் முக்கியமான ஆளானார். கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்ட் அவர் மனைவி வீட்டாரின் தொழில்.

பேரரசின் சவமும் இந்த வழியாகத்தான் போனது. சரயேவோவில் சுடப்பட்ட பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்ட், அவர் மனைவி சோஃபி இருவரின் சவப்பெட்டிகளும் 1914 ஜூலை 2 அன்று போர்க்கப்பலில் திரியெஸ்தேக்கு வந்து, இங்கிருந்து ரயிலேறி வியன்னா சென்றன.

கைமாறிய கொடிகள்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 நவம்பர் 3ஆம் தேதி இத்தாலியப் போர்க்கப்பல் ‘அவுதாச்சே’ கரையில் வந்து கட்டியபோது, நகரத்து இத்தாலியர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். அந்த உணர்ச்சியைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. இதுவரை ஒரு பேரரசுக்கே முதன்மைக் கடல்வாசலாக இருந்த ஊர், இனி ஜெனோவா, நேப்பிள்ஸ், வெனிஸ் என்று வரிசைகட்டி நிற்கும் இத்தாலியத் துறைமுகங்களில் கடைக்கோடி ஒன்று. பின்னால் இருந்த சந்தை நாலைந்து நாடுகளாகச் சிதறி, ஒவ்வொன்றும் தன் சுங்கச்சாவடியை நட்டுக்கொண்டது. ரோம் மானியம் கொடுத்துக் கப்பல் கட்டும் தளங்களைத் தாங்கிப் பிடித்தது. மானியத்தால் சரக்கை வரவழைக்க முடியவில்லை.

வியாபாரம் படுத்த இடத்தில் வெறுப்பு எழுந்து நின்றது. 1920 ஜூலை 13 அன்று ஸ்லோவேனியர்களின் ‘நாரோத்னி தோம்’ என்ற பண்பாட்டு மாளிகையைப் பாசிஸ்டுகள் கொளுத்தினார்கள். அரங்கம், சேமிப்பு வங்கி, ஹோட்டல் எல்லாம் அடங்கிய கட்டடம் அது. பிறகு ஸ்லோவேனியப் பள்ளிகள் மூடப்பட்டன. குடும்பப் பெயர்கள்கூட இத்தாலியமாக மாற்றி எழுதப்பட்டன. 1938 செப்டம்பரில் முசோலினி யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைப் பகிரங்கமாக அறிவித்தது இந்த ஊரின் கடலோரச் சதுக்கத்தில்தான். யூதர் பணமும் உழைப்பும் சேர்ந்து கட்டிய ஊரில் அப்படி ஒரு பேச்சு, அதற்குக் கைதட்டல்!

1943இல் ஜெர்மானியர் நேரடியாகப் பிடித்தார்கள். சான் சப்பா பகுதியில் நெல் உமி நீக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதைச் சிறை முகாமாக்கி, பிணம் எரிக்கும் உலையும் கட்டினார்கள். இத்தாலி மண்ணில் உலையோடு இயங்கிய நாஜி முகாம் இது ஒன்றே. குறைந்தது மூவாயிரம் பேர் அங்கே கொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பது மதிப்பீடு. 1945 மே 1ஆம் தேதி டிட்டோவின் யூகோஸ்லாவியப் படை நுழைந்தது. மறுநாளே நியூசிலாந்துப் படையும் வந்தது. நாற்பது நாள் யூகோஸ்லாவிய ஆட்சியில் பலர் பிடித்துப் போகப்பட்டுத் திரும்பவில்லை. கார்ஸ்ட் மேட்டின் ஆழ்குழிகளில் வீசப்பட்ட உடல்களைப் பற்றிய வழக்கு, இரு நாட்டு அரசியலிலும் இன்னும் ஆறாத புண்.

1947 சமாதான ஒப்பந்தம் வினோதமான ஒரு தீர்வு கண்டது. இத்தாலிக்கும் வேண்டாம், யூகோஸ்லாவியாவுக்கும் வேண்டாம். ‘திரியெஸ்தே சுதந்திரப் பிரதேசம்’ என்று ஐ.நா. பொறுப்பில் ஒரு குட்டி நாடு. நகரமும் துறைமுகமும் அடங்கிய ‘ஏ’ மண்டலம் பிரிட்டிஷ், அமெரிக்க ராணுவத்திடம். தெற்கே ‘பி’ மண்டலம் யூகோஸ்லாவியாவிடம். ஆளுநர் யார் என்பதில் வல்லரசுகள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, நாடு காகிதத்திலேயே நின்றுபோனது. 1954 அக்டோபரில் லண்டனில் கையெழுத்தான உடன்பாட்டின்படி ‘ஏ’ இத்தாலிக்கு, ‘பி’ யூகோஸ்லாவியாவுக்கு. அதை இறுதி எல்லையாக இரு நாடுகளும் ஒப்புக்கொண்டது 1975இல், ஓசிமோ ஒப்பந்தத்தில். அந்தக் குட்டி நாடு இன்னும் சட்டப்படி உயிரோடு இருக்கிறது என்று வாதாடும் இயக்கம் ஒன்று இப்போதும் ஊரில் உண்டு. நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

மனிதர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய துறைமுகத்தின் 18ஆம் எண் கிடங்கைப் பற்றிப் படியுங்கள். யூகோஸ்லாவியாவுக்குப் போன இஸ்திரியா முதலான பகுதிகளிலிருந்து போருக்குப் பின் இரண்டரை முதல் மூன்றரை லட்சம் பேர் வெளியேறினார்கள், பெரும்பாலும் இத்தாலியர். முகாமில் இடமில்லாததால் வீட்டுச் சாமான்களைக் கிடங்கில் போட்டுவிட்டுப் போனார்கள். அலமாரி, தொட்டில், தையல் மெஷின், சமையல் பாத்திரம், பள்ளிக்கூட நோட்டு, சுவரில் மாட்டிய குடும்பப் படம். நாற்காலிகள் மட்டுமே கூரை தொடும் குவியலாகக் கிடந்தன. பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் உண்டு. வந்து எடுத்துப்போக ஆள் இல்லை. 1954க்குப் பிறகு நகரத்தவர்களே சுமார் இருபதாயிரம் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். சொந்த நாட்டோடு சேர்ந்த கையோடு பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது என்றால், அந்தச் சேர்க்கையின் பொருளாதார லட்சணம் விளங்கிவிடும்.

ஜீன்ஸ் வாங்க வந்த பஸ்கள்

இரும்புத்திரை திரியெஸ்தேயில் முடிகிறது என்று சர்ச்சில் 1946இலேயே சொன்னார். ஆனால் யூகோஸ்லாவியா மாஸ்கோவோடு முறித்துக்கொண்டு, அறுபதுகளில் தன் மக்களுக்குப் பாஸ்போர்ட் கொடுத்தபோது திரையில் ஒரு ஓட்டை விழுந்தது. பெல்கிரேடிலிருந்தும் சரயேவோவிலிருந்தும் ராத்திரி பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனங்கள் வந்து, போந்தே ரோஸ்ஸோ சந்தையில் ஜீன்ஸ், காப்பிக்கொட்டை, சலவைத்தூள், பொம்மை எல்லாம் வாங்கினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு சுங்க அதிகாரி முன்னால் வியர்த்து நின்ற கதைகள் பால்கன் நாடுகளில் வீட்டுக்கு ஒன்று கிடைக்கும். ஊர்க் கடைக்காரர்கள் வாய்க்குள் அவர்களைக் கேலி பேசிக்கொண்டே கல்லாவை நிரப்பினார்கள். 1991இல் யூகோஸ்லாவியா உடைந்தது, சந்தையும் அடங்கியது.

காப்பி மட்டும் தங்கிவிட்டது. இல்லி என்ற பெயர் 1933இல் இங்கே தொடங்கியது. வறுக்காத கொட்டை இறங்குகிற, தரம் பார்க்கிற, கிடங்கில் வைக்கிற தொழில்கள் துறைமுகத்தைச் சுற்றி நடக்கின்றன. இந்தியக் காப்பியை மிக அதிகமாக வாங்கும் நாடு இத்தாலி என்பதால், குடகிலும் வயநாட்டிலும் காய்த்த ரொபஸ்டாவுக்கு இந்தக் கரை அந்நியமில்லை. ஊர்க்காரர்கள் குடிப்பது ‘காப்போ இன் பி’: சின்னக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் எஸ்பிரெஸ்ஸோ, மேலே நுரைத்த பால் ஒரு தீற்றல், இரண்டே வாய். நம்மூர் டபராவுக்குப் பழகியவர்கள் இரண்டாவது கேட்பார்கள்.

வரி இல்லாத கரை

இப்போதைய துறைமுகத்தின் பலம் பழைய காகிதம் ஒன்றில் இருக்கிறது. 1947 ஒப்பந்தத்தின் எட்டாவது இணைப்பு திரியெஸ்தேக்குச் சுதந்திரத் துறைமுக உரிமையை உறுதிசெய்தது. நாடு உருவாகாமல் போனாலும் உரிமை பிழைத்துக்கொண்டது. வெளிநாட்டுச் சரக்கைக் காலவரம்பு இல்லாமல் இங்கே வைத்திருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்பனைக்குப் போகும்போது மட்டும் வரி கட்டினால் போதும்.

எடைக்கணக்கில் இத்தாலியின் முதல் துறைமுகம் திரியெஸ்தே. அந்த எடையில் பெரும்பங்கு எண்ணெய். ஆனால் கண்ணுக்குத் தெரியும் பரபரப்பு துருக்கி லாரிகளால் வருவது. யூகோஸ்லாவியப் போரின்போது பால்கன் சாலைகள் அடைபட்டதால், துருக்கிக்காரர்கள் லாரிகளைக் கப்பலில் ஏற்றி இங்கே அனுப்பத் தொடங்கினார்கள். போர் ஓய்ந்தும் பழக்கம் போகவில்லை. ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் லாரிகளும் ட்ரெய்லர்களும் இறங்குகின்றன. பல ட்ரெய்லர்கள் ஓட்டுநர் இல்லாமலே வந்து, அப்படியே ரயில் வண்டியில் ஏறி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்விடும். இத்தாலியத் துறைமுகங்களில் ரயிலை இத்தனை நம்பியிருப்பது வேறெதுவும் இல்லை. அதற்கும் நன்றி சொல்ல வேண்டியது ஆஸ்திரியப் பேரரசு போட்டுவைத்த பாதைகளுக்குத்தான்.

2019 மார்ச்சில் இத்தாலி சீனாவின் பட்டுப்பாதைத் திட்டத்தில் கையெழுத்திட்டபோது, திரியெஸ்தே சீனர் கைக்குப் போகிறது என்று பிரஸ்ஸல்ஸ் வரை அலறினார்கள். கடைசியில் புதிய சரக்குமுனையத்தின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நிறுவனம். 2023 இறுதியில் இத்தாலி சீனத் திட்டத்தை விட்டே வெளியேறியது. அதற்குள் டெல்லி ஜி-20 மாநாட்டில் இந்தியா, மத்தியக் கிழக்கு, ஐரோப்பா பொருளாதாரப் பாதை அறிவிக்கப்பட்டிருந்தது; அதன் ஐரோப்பிய முனை திரியெஸ்தேதான் என்று இத்தாலி சொல்லிவருகிறது. பிரான்ஸ் மார்செய் என்கிறது. செங்கடலில் ஏவுகணை பறக்கும் நாட்களில் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால், ஏட்ரியாட்டிக்கின் கோடியில் இருக்கும் துறைமுகத்துக்கு நஷ்டம் கூடுதல். ஆகவே மாநாட்டு அறிவிப்பைவிட சூயஸ் கால்வாயின் அமைதிதான் இவர்களுக்கு முக்கியம்.

சரக்கு தவிர ஊருக்கு இன்னொரு வரவும் உண்டு. 1964இல் பாகிஸ்தானின் அப்துஸ் சலாம் இங்கே சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தை நிறுவினார். கிழக்கும் மேற்கும் பேசாத காலத்தில் இரு தரப்பு விஞ்ஞானிகளும் சந்திக்க இந்த எல்லை ஊர் வசதியாக இருந்தது. ஏழை நாடுகளின் இளம் ஆய்வாளர்களுக்கு இன்றும் அது தாய்வீடு. தமிழ்நாட்டின் தண்டரையில் பிறந்த எம்.எஸ். நரசிம்மன் 1990களில் அதன் கணிதப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். வளரும் நாடுகளின் இளம் கணித மேதைகளுக்கு 2005 முதல் இராமானுஜன் பெயரில் இந்த மையம் பரிசு வழங்கிவருகிறது.

இருபது கிலோமீட்டர் தள்ளி

2007 டிசம்பர் 21 அன்று ஸ்லோவேனியா பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதிக்குள் வந்தது, எல்லைச் சாவடிகள் காலியாயின. 2020இல், நாரோத்னி தோம் எரிக்கப்பட்டதன் நூறாம் ஆண்டு நாளில் கட்டடத்தை ஸ்லோவேனியச் சமூகத்திடம் திருப்பித் தருவதற்குக் கையெழுத்தானது. அன்று, ஆழ்குழிகளில் வீசப்பட்டவர்களுக்கான பாசோவிசா நினைவிடத்தில் இரு நாட்டுக் குடியரசுத் தலைவர்களும் கைகோத்து நின்றார்கள். ஆனால் 2023 அக்டோபரில் இத்தாலி இதே எல்லையில் மீண்டும் போலீஸ் சோதனையைக் கொண்டுவந்தது. பால்கன் வழியாக நடந்துவரும் ஆப்கானியரும் பாகிஸ்தானியரும் சிரியரும் முதலில் வந்து சேரும் பெரிய ஊர் திரியெஸ்தே. ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் மாலை நேரங்களில் தன்னார்வலர்கள் பெஞ்சில் மருந்துப் பெட்டியை விரித்து, வெடித்துப் புண்ணான பாதங்களைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பிவந்தார்கள். பக்கத்திலிருந்த பாழடைந்த தானியக் கிடங்கில் எலிகளோடு படுத்தவர்களை 2024 ஜூனில் அரசு வெளியேற்றியது.

இவ்வளவுக்கும் நடுவே, ஸ்லோவேனியாவின் 46 கிலோமீட்டர் கடற்கரையில் ஒரு போட்டிக்காரர் வளர்ந்துவிட்டார். பழைய ‘பி’ மண்டலத்தைச் சேர்ந்த கோப்பெர். பெரிய துறைமுகம் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டதால், 1957இல் ஸ்லோவேனியர்கள் அங்கே புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். இன்று கன்டெய்னர் எண்ணிக்கையில் அது திரியெஸ்தேயை முந்திவிட்டது. கார் ஏற்றுமதியிலும் பெரிய கை. இரண்டும் குறிவைப்பது ஒரே வியன்னா, ஒரே மூனிக், ஒரே புடாபெஸ்ட். ஒரே நாணயம், ஒரே ஒன்றியம், சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம்.

ஆனால் இந்த இரண்டு துறைமுகங்களுக்கும் நடுவே நேரடி ரயில் பாதை இல்லை. 1902இல் திரியெஸ்தேயிலிருந்து கோப்பெர் வழியாக இஸ்திரியாவுக்கு ஒரு குறுகிய தடத்து ரயில் ஓடத் தொடங்கியது. 1935இல் அதை நிறுத்தி, தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அந்தத் தடத்தில் இன்று சைக்கிள் விடுகிறார்கள். கண்டம் கடந்த பாதைகளைப் பற்றி மாநாடு நடத்தும் ரோமும் லுப்லியானாவும் முதலில் போட வேண்டியது அந்த இருபது கிலோமீட்டர் தண்டவாளத்தை.